அமுதாவுக்கு டே ஷிப்ட்

ஜூலை 7, திங்கள்

விடியும்போதே வெயில். வண்டி முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட். (மூன்றாவது இழுப்பு. மற்ற நாளோடு பார்த்தால் முதல் மாதிரிதான்.) கண்ணாடி துடைத்து, எலுமிச்சம்பழம் மாற்றி, கவரைப்பேட்டை ஸ்டேஷன் ரோட்டில் கம்பெனிக்கு ஆள் ஏற்ற நின்றபோது வேன் மந்திரி வண்டி போல மின்னியது.

இந்த டைரி உரக்கடையில் கொடுத்தது. பாதி வருஷம் சும்மா கிடந்தது. அக்கா மகள் போகும் மையத்து ஸ்டெல்லா மேடம் சொன்னதால் எடுத்தேன். “ஊட்ல இருக்கிறவங்களும் மனசுல இருக்கிறத எழுதுங்க அண்ணா, பாரம் கொறையும்.” எனக்குப் பாரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் எட்டாவது படித்த கையெழுத்து வீணாகக் கூடாது. (எட்டாவது பரீட்சை எழுதவில்லை. அன்றைக்குக் காய்ச்சல்.)

இன்றைய பெரிய சேதி: அக்கா மகள் அமுதாவுக்கு வேலையில் முதல் நாள். தொழிற்பேட்டையில் வயர் கம்பெனி. கார், ஆட்டோவுக்குப் போகும் வயர்களைக் கற்றையாகச் சேர்த்து டேப் சுற்றும் வேலை. தெருவில் கேட்டவர்களுக்கு ஏரோப்ளேன் வயர் என்று சொல்லியிருக்கிறேன். ஏரோப்ளேனிலும் வயர் இருக்கத்தானே செய்கிறது.

அவள் பட்டது கொஞ்சமில்லை. காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்பாள். சாப்பிட மாட்டாள். கதவைத் திறக்க மாட்டாள். கன்னியம்மா அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு ஏறாத கோயில் இல்லை, கட்டாத கயிறு இல்லை. கடைசியில் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி. மாத்திரை. பிறகு கும்மிடிப்பூண்டி சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில் ஸ்டெல்லா மேடம் நடத்தும் பகல் மையம். பேசினாள். சிரித்தாள். ஒரு நாள் என் சட்டைக்குப் பட்டன் தைத்துக் கொடுத்துவிட்டு, “மாமா, பட்டன் மேல தப்பு இல்ல, தொப்பைய கொறை” என்றாள். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, பிள்ளை தேறிவிட்டாள் என்று. டாக்டருக்கு அப்புறம்தான் தெரிந்தது.

ஏற்பாடு இப்படி: மையம் ஆளைத் தயார் செய்யும். கம்பெனி வேலை கொடுக்கும். மகளிர் குழு முதல் சம்பளம் வரை மதியச் சோறு கட்டிக் கொடுக்கும். நான் கூட்டிப் போய்க் கூட்டி வந்து, நாள் எப்படிப் போனது என்று கேட்டு மேடத்துக்குச் சொல்ல வேண்டும். இதற்கு இங்கிலீஷில் ஜாப் கோச் என்று பெயராம். “நீங்க ஜாப் கோச் மாதிரி அண்ணா” என்றார் மேடம். “மாதிரி”யை நான் விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் பார்ப்பார்கள். சரிப்பட்டால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் திரும்ப வீடு, அந்தக் கதவு.

டே ஷிப்ட் மட்டும். இது முக்கியம். ராத்திரி மாத்திரை போட்டால் அவள் தூங்கியாக வேண்டும். தூக்கம் கெட்டால் பழையது எட்டிப் பார்க்கும் என்று டாக்டர் வாயால் சொன்னது. கம்பெனியில் ஹெச்.ஆர். மேடத்துக்கு மட்டும் விஷயம் தெரியும். கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்வதும் சொல்லாததும் அமுதா இஷ்டம். வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஸ்டெல்லா மேடம் இதை எல்லோருக்கும் ஒரு தடவை சொன்னார். எனக்கு மட்டும் தனியாகக் கூப்பிட்டு இன்னொரு தடவை. ஏன் என்று புரியவில்லை.

கேட்டில் செக்யூரிட்டி: “யாருய்யா நீ?”

“ஜாப் கோச்.”

“கோச்சிக்கினு வந்தியா? யார் மேல?”

படிக்காதவன். விட்டுவிட்டேன்.

அமுதா வண்டியில் கடைசி சீட்டு, ஜன்னல் ஓரம். இறங்கும்போது கை நடுங்கியது. நான் பார்க்காத மாதிரி ஹாரன் அடித்தேன்.

ஜூலை 9, புதன்

புழுக்கம். வண்டியில் ஃபேன் சுற்றவில்லை.

வண்டியில் ரோசி என்று ஒருத்தி. அமுதா நிற்கும் லைனிலேயே வேலை. நல்ல பெண், ஆனால் வாய்க்குப் பூட்டில்லை. அவள் ஏறினால் ரேடியோ போட வேண்டியதில்லை. யாராவது டிபன் டப்பாவை மறந்தால், சில்லறையைக் கீழே போட்டால், உடனே: “உன்ன கீழ்ப்பாக்கம் அனுப்பணும்டி!” வண்டி முழுக்கச் சிரிப்பு. இந்தப் பக்கம் எல்லோரும் சொல்வதுதான். ரோட்டில் மாடு குறுக்கே நின்றால் மாட்டிடமே நான் சொல்வேன்.

இன்றைக்கு ரோசி சொன்னபோது கண்ணாடியில் கடைசி சீட்டைப் பார்த்தேன். அமுதா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஒன்றுமில்லை. சரக்கு லாரி வரிசை.

ரோசி திரும்பினாள். “ஏம்மா புதுப் பொண்ணு, இதுக்கு முன்ன எங்க வேல?”

அமுதா வாய் திறப்பதற்குள் நான்: “பெங்களூரு! பெரிய டிரெய்னிங்!”

“பெங்களூருல எங்க அண்ணா? என் நாத்தனா அங்கதான் கீது.”

“ஏர்போர்ட் பக்கம்.”

ஏரோப்ளேன் வயருக்கும் இதற்கும் தானாகப் பொருந்தி வந்தது. இப்படிச் சட்டென்று வருவது எல்லோருக்கும் வாய்க்காது.

சாயந்திரம் வீட்டு வாசலில் இறங்கியதும் அமுதா கேட்டாள்: “மாமா, பெங்களூருல எனக்கு இன்னா வேல குடுத்த?”

“இன்னும் முடிவு பண்ணல.”

“நல்ல வேலையா குடு. டேப் சுத்தி சுத்தி வெரலு வலிக்குது.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மேடத்துக்கு போன் போட்டு, பிள்ளை சிரிக்கிறாள் என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 11, வெள்ளி

கேட்டுக்கு எதிர் டீக்கடை. லைன் சூப்பர்வைசர் குமரேசன் சார் தானாக வந்து என்னிடம் பேசினார். (நான் போய்த்தான் நின்றேன். ஆனால் முதல் வார்த்தை அவருடையது.)

“உங்க பொண்ணு பரவால்ல. டேப்பு மடிப்பு இல்லாம சுத்துறா.”

நெஞ்சு வண்டி டயர் மாதிரி ஆகிவிட்டது. சும்மா இருக்க முடியுமா?

“அவளா? எந்த வேல குடுத்தாலும் செய்வா சார். எந்த ஷிப்ட் போட்டாலும் நிப்பா. எங்க பரம்பரையே அப்படி.”

“அப்படியா? நல்லது. நமக்கும் ஆளு பத்தல.”

டீக்கு நானே கொடுத்தேன். பஜ்ஜிக்கும்.

வண்டிக்குச் செய்ய வேண்டியது: ஃபேன். பின் கதவுத் தாழ்ப்பாள். கடைசி சீட்டு ஜன்னல் இறுகிக் கிடக்கிறது, எண்ணெய் விட வேண்டும், அவளுக்குக் காற்று வேண்டும். ஹாரன் நன்றாக இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச் ஹாலில் கூட்டம். மையம், மகளிர் குழு, வீட்டுக்காரர்கள், கம்பெனி சார்பில் ஹெச்.ஆர். மேடம். ஹால் நிரம்பி வழிந்தது. (நாற்காலிகளால்.) என்னையும் பேசச் சொன்னார்கள். ஜனாதிபதி கேட்டிருந்தால் கண் கலங்கியிருப்பார். மகளிர் குழு அம்மா ஒருவர் நடுவில் எழுந்து போனது குழம்பு அடி பிடித்ததால்தான்.

ஹெச்.ஆர். மேடம் சொன்னது: அமுதாவின் மாதம் நல்லபடி போனால் மையத்திலிருந்து இன்னும் சிலரை எடுப்பார்கள். ஆக, இவள் காலில் வரிசையே நிற்கிறது.

வரிசையில் அடுத்த ஆள் சீனிவாசன். பொதட்டூர்பேட்டைக்காரன். மையத்துக்கு வருவதற்காக அப்பாவும் மகனும் கவரைப்பேட்டையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். நல்ல உயரம். ஆனால் கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தான், எப்போது வேண்டுமானாலும் ஓடலாம் என்பது போல. அமுதாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“அங்க திட்டுவாங்களா?”

“திட்டுவாங்க” என்றாள் அமுதா. “எல்லாரையும் திட்டுவாங்க. என்னயும் சேத்துத் திட்டுறாங்க. அதான் நல்லா கீது.”

அவன் அப்பாவைப் பார்த்தான். “நைனா, எல்லாரையும் திட்டுவாங்களாம்.” முகத்தில் ஒரு தெளிச்சல்.

என் பேச்சை விட இதற்குத்தான் கை தட்டினார்கள். பரவாயில்லை, என் ரத்தம்தானே.

ஜூலை 16, புதன்

மழை. நல்ல மழை. வைப்பர் ஒரு பக்கம் மட்டும்.

பேஜாரு.

கம்பெனி போர்டில் நாளையிலிருந்து அமுதாவுக்கு நைட் ஷிப்ட். அவள் போய்க் கேட்டிருக்கிறாள். குமரேசன் சார் சொன்ன பதில்: “உங்க மாமாவே சொன்னாரேம்மா, எந்த ஷிப்ட் போட்டாலும் நிப்பேன்னு.”

வண்டியில் வந்து இதை அப்படியே சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

நான் சொன்னது பேச்சுக்கு. பேச்சை எடுத்துப் போர்டில் எழுதுகிற மனிதனை என்ன செய்வது? எங்கள் ஊரில் ஒருத்தன் பெருமையாக ஒன்று சொன்னால் கேட்கிறவன் பாதியைக் கழித்துக்கொள்வான். நான் அதற்கும் சேர்த்துத்தான் சொல்வது. இந்த ஆள் வெளியூர் போலிருக்கிறது, கழிக்கத் தெரியவில்லை.

ஹெச்.ஆர். மேடம் லீவு, அடுத்த வாரம்தான் வருவாராம். ஸ்டெல்லா மேடத்துக்குப் போன். அவர் திருவள்ளூரில். “நான் பேசறேன் அண்ணா. அதுவரைக்கும் நைட்டுக்குப் போவேணாம்னு சொல்லுங்க.” சொன்னேன். அமுதா கேட்கவில்லை.

“வந்த புதுசுலயே லீவுன்னு பேர் ஆவும் மாமா. ஏன் வரலன்னு கேப்பாங்க. அப்பறம் சொல்ல வேண்டி வரும். ரெண்டு நாள் பாக்கறேன்.”

அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத இந்தப் பேனாவில் மை போதாது.

ஜூலை 19, சனி

வெயில். தெரு முழுக்க ஆடி மாச ஸ்பீக்கர். காலையிலிருந்து அம்மன் பாட்டு. கூழ் ஊற்றுகிறார்கள்.

வேலையில் அவள் குறை வைக்கவில்லை. ராத்திரி அவள் சுற்றி வைத்த கற்றைகளைக் காலையில் பார்த்துவிட்டு ரோசியே சொன்னாளாம். ஆனால் காலையில் வந்து படுத்தால் தூக்கம் எங்கே? ஒரு ஸ்பீக்கர் நம் வீட்டைப் பார்த்தே கட்டியிருக்கிறான். இன்றைக்கு ஒரே தட்டை மறுபடி மறுபடி கழுவினாள். குழாயை நிறுத்திவிட்டு, தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டு நின்றாள்.

“இன்னாம்மா?”

“ஒண்ணும் இல்ல மாமா. பாட்டா, வேறயான்னு பாக்கறேன்.”

அக்கா என்னைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். “டேய் ஏழுமல, வேணாம்டா இந்த வேல. பொண்ணு எனக்கு முழுசா வேணும். நீ பெருமை பேச வேற எதனா கண்டுபுடி.”



நேராக ஸ்பீக்கர்காரனிடம் போனேன். கலெக்டர் இந்தத் தெரு வழியாக வருகிறார், சத்தத்தைக் குறை என்றேன். எந்தக் கலெக்டர் என்றான். புதுசா வந்தவர் என்றேன். குறைத்தான். மதியம் வரை தாங்கியது. இந்த வருஷத்தில் நான் சொன்னதிலேயே உருப்படியானது அதுதான்.

ஜூலை 20, ஞாயிறு

நேற்று ராத்திரியும் இன்றும் ஷிப்ட் இல்லை. அக்கா விடியும்முன் பெரியபாளையம் போய்விட்டாள், பவானி அம்மனுக்கு வேப்பிலைச் சேலை கட்டிக்கொள்வதாக வேண்டுதல். ஆடி ஞாயிறு, பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்திருக்காது.

அமுதா நேற்று ராத்திரி மாத்திரை போட்டுப் படுத்தவள். நான் வாசலில் நாற்காலி போட்டுக் காவல். பால்காரன், கேபிள்காரன், பக்கத்து வீட்டு ஆடு, எல்லோரையும் விரட்டினேன். வெயில் ஏறி இறங்கிய பிறகுதான் எழுந்தாள்.

“பசிக்குது மாமா. நாஷ்டா கீதா?”

“சாயந்திரம் ஆயிடுச்சு, நாஷ்டாவாம்!”

சோறு வைத்துக் கொடுத்தேன். சாப்பிட்டாள். குழம்பு நன்றாக இல்லை என்றாள். மனசு குளிர்ந்தது.

நாளைக்கு நானே போய் குமரேசன் சாரிடம் பேசுவதாகச் சொன்னேன். அவள் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள்.

ஜூலை 21, திங்கள்

மூட்டம். மழை இல்லை.

போர்டில் அவள் பெயர் நைட்டில்தான். ஆனால் காலையில் தலை பின்னி, அடையாள அட்டை மாட்டி, வண்டியில் ஏறிவிட்டாள். “டே ஷிப்டுக்குத்தான் பேசினாங்க. டே ஷிப்டுக்குப் போறேன்.”

கேட்டில் நிறுத்தினேன். ஷிப்ட் மாறும் நேரம், உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் கூட்டம். குமரேசன் சார் அங்கேயே நின்றார். என் வாயால் வந்தது, என் வாயாலேயே சரியாகட்டும் என்று கதவைத் திறந்தேன்.

“மாமா, நீ வண்டியில குந்து.”

குந்தினேன். கண்ணாடியை மட்டும் இறக்கினேன்.

குமரேசன் சார்: “இன்னாம்மா, நைட் ஷிப்டுக்குக் காலைல வந்து நிக்கிற?”

பின்னாலிருந்து ரோசி, எப்போதும் போல: “கீழ்ப்பாக்கம் கேசு சார்!”

சிரித்தார்கள். அமுதா திரும்பினாள். அவள் சத்தம் போடவில்லை. ஆனால் எனக்கு வண்டி வரை கேட்டது.

“ஆமாக்கா. அங்கேர்ந்துதான் வந்தேன். பெங்களூரு எல்லாம் எங்க மாமா வுட்ட ரீலு. கீழ்ப்பாக்கத்துக்கு எந்த பஸ்ல போவணும்னு கேளு, சொல்றேன்.”

யாரும் சிரிக்கவில்லை. ஒரு டிபன் கேரியர் மூடி மட்டும் எங்கோ விழுந்து உருண்டது.

அப்புறம் சூப்பர்வைசரைப் பார்த்து: “சார், ராத்திரி மாத்திரை போட்டா நான் தூங்கணும். தூங்குனா நல்லா இருப்பேன். தூங்கலன்னா ஒடம்பு கெட்டுடும். பகல்ல எங்க வேணா நிறுத்துங்க, நிக்கறேன்.”

“இத ஏம்மா மொதல்லயே சொல்லல?”

“சொன்னா இன்னா சொல்வாங்கன்னு இப்பதான சார் கேட்டீங்க.”

ரோசி முகம் சுண்டிவிட்டது. “ஏய் அமுதா, நான் சும்மா வாய்க்கு வந்தத…”

“தெரியும்க்கா.”

ரோசிக்கு அந்த “தெரியும்க்கா”வைத் தாங்க முடியவில்லை போலிருக்கிறது. அப்படியே சூப்பர்வைசர் பக்கம் திரும்பிவிட்டாள். “இன்னா சார் பாத்துக்கினு நிக்கிறீங்க? பொண்ணு தொண்டைய தொறந்து சொல்லுது இல்ல? எங்க தெரு மேரி நைட்டு குடுங்க நைட்டு குடுங்கன்னு கேட்டுக்கினே கீது, பகல்ல கொழந்தைய பாக்கணும்னு. அதுக்குக் குடுக்க மாட்டீங்க, வேணாங்கறதுக்குத்தான் குடுப்பீங்க!”

“கத்தாத ரோசி. ஹெச்.ஆர். வந்து முடிவு பண்ணட்டும். அமுதா, இன்னிக்கு டேயில நில்லும்மா.”

உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வைப்பரைப் போட்டுவிட்டேன். வெளியே மழை இல்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

டீக்கடையில் எல்லோருக்கும் சொன்னேன்: அந்தக் கேட்டில் ஐந்நூறு பேர் கை தட்டினார்கள் என்று. யாரும் தட்டவில்லை. தட்டியிருக்க வேண்டும்.

ஜூலை 23, புதன்

தூறல். ஃபேன் சரி செய்தாயிற்று.

இரண்டு நாளாக வண்டியில் பேச்சு குறைவு. ரோசியே வாய் மூடிக்கொண்டு வந்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? இறுதி ஊர்வலம் ஓட்டுகிற மாதிரி இருந்தது. அமுதா இப்போது கடைசி சீட்டில் இல்லை, நடு வரிசை.

இன்றைக்கு ஒருத்தி குடையைக் கம்பெனியிலேயே மறந்துவிட்டு, வண்டி கிளம்பிய பிறகு கத்தினாள். ரோசிக்குப் பழக்க தோஷம்: “உன்ன கீழ்…”

வண்டியே மூச்சு விடவில்லை.

“…கீழ எறக்கி வுடணும்டி!”

முதலில் சிரித்தது அமுதா. அப்புறம் எல்லோரும். குடைக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை, அவளும் சிரித்தாள். நான் வண்டியைத் திருப்பிக் குடையை எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலை 25, வெள்ளி

ஹெச்.ஆர். மேடம் வந்தாயிற்று. ஸ்டெல்லா மேடமும் போய்ப் பேசினார். இனி ஷிப்ட் போட்ட பிறகு அல்ல, போடுவதற்கு முன்னால் மையத்தைக் கேட்பார்கள். மேரிக்கு நைட். அமுதாவுக்கு டே. ஆனால் மாதம் முடியும்வரை பார்த்துத்தான் வேலை நிலைக்குமா என்று சொல்வார்களாம்.

ஸ்டெல்லா மேடம் என்னிடம்: “அண்ணா, இனிமே யார் கேட்டாலும் ‘அமுதாவையே கேளுங்க’ன்னு மட்டும் சொல்லுங்க. ப்ராக்டீஸ் பண்ணுங்க.”

வண்டியில் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். அமுதாவையே கேளுங்க. சின்ன வாக்கியம். வாயில் நிற்கவே மாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

வெயில். மாதம் முடிந்தது. காலையிலிருந்து டீ இறங்கவில்லை. அக்கா வாசலிலேயே.

வேலை நிலைத்துவிட்டது!!

சாயந்திரம் ஹாலில் கூட்டம். அமுதா தொடர்கிறாள். சீனிவாசன் திங்கள் முதல். அவன் அப்பா எழுந்து, “கூட யாராச்சும் இருந்தாத்தான் அவன் உள்ள போவான்” என்றார். ஸ்டெல்லா மேடம், “கோச் போடறோம்ப்பா” என்றார். நான் எழுந்து சட்டையைச் சரி செய்துகொண்டேன். பட்டன் எல்லாம் ஒழுங்காக.

“அமுதா பாத்துக்கறேன்னு சொல்லிட்டா” என்று முடித்தார் மேடம்.

எழுந்தது எழுந்தபடி நான்தான் முதலில் கை தட்டினேன். அதற்காகத்தான் எழுந்தேன் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன்.

அக்கா அழுதாள். பிறகு என் தலையில் ஒரு தட்டு. ஏன் என்று கேட்கவில்லை, தெரியும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

லேசான காற்று. முதல் இழுப்பில் ஸ்டார்ட். நிஜமாகவே.

முன் சீட்டைத் துடைத்து, புதுத் துண்டு விரித்து அமுதாவுக்காக வைத்திருந்தேன். சீனிவாசன் ஏறினான். நேராகக் கடைசி சீட்டு, ஜன்னல் ஓரம். அமுதா முன் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அப்பறம் மாமா.” பின்னால் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன் சீட்டில் ரோசி குந்திக்கொண்டாள், துண்டோடு.

குனிந்து என் காதில்: “யாருண்ணா புதுப் பையன்? இதுக்கு முன்ன எங்க வேல?”

பெங்களூரு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஏர்போர்ட்டோடு.

“அவனையே கேளு.”

கேட்கவில்லை அவள். திரும்பி, “தம்பி, அந்த ஜன்னல் ஈசியா தொறக்கும், எண்ணெ வுட்டுக்கீது” என்றாள். அவ்வளவுதான்.

கேட்டில் செக்யூரிட்டி: “இன்னா, இன்னிக்கும் கோச்சிக்கினு வந்தியா?”

“கோச்சு பின்னாடி கீது. நான் டிரைவரு.”

சீனிவாசன் இறங்கும்போது கை நடுங்கியது. அமுதா அதைப் பார்க்காத மாதிரி என் பக்கம் திரும்பி, “மாமா, ஹாரன்” என்றாள். அடித்தேன்.

தெருவில் கேட்டால், என் அக்கா மகள் அந்தக் கம்பெனிக்கே கோச் என்று சொல்லப்போகிறேன். (கம்பெனிக்கே இல்லை. ஒரு ஆளுக்கு. இப்போதைக்கு.)